சட்டம் தரும் சம்பளம்

தொழிலாளியின் சம்பளத்திற்குச் சட்டத்தால் ஓர் அடிவரம்பு கட்டினால் வேலையில்லாத் திண்டாட்டம் பெருகும் என்பர் ஒரு சாரார். கட்டாவிடில் செல்வர்க்கும் வறியோர்க்கும் இடையிலுள்ள பள்ளம் ஆழமாகும் என்பர் மற்றொரு சாரார். இவ்வழக்கிலே சாட்சி கூறவல்ல நாடு பிறேசில்.

அந்நாட்டில் 1940ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி வார்காசின் அரசு ஆகக்குறைந்த சம்பளத்தை விதித்தது. 1964இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின், விலைவாசி ஓடிய வேகத்திற்குச் சம்பளம் ஈடுகொடுக்கவில்லை. சட்டம் ஏட்டில் இருந்தது. அதன் வலிமையோ தேய்ந்தது. ஏற்றத்தாழ்வும் மிகுந்தது.

பின்னர் காற்றுத் திசைமாறிற்று. 1996 முதல் 2018 வரை, விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தாலும், ஆகக்குறைந்த சம்பளம் 128 வீதம் உயர்ந்தது. அக்காலத்தில் வருமான ஏற்றத்தாழ்வு பெரிதும் குறைந்தது. அக்குறைவில் 45 வீதம் இவ்வுயர்வினால் விளைந்ததென, எங்பொம், மோசர் என்னும் பொருளியலறிஞர் இருவர் 2022இல் வெளியிட்ட ஆய்வு கூறுகின்றது.

இஃது எவ்வாறு நிகழ்ந்தது? கடைநிலை ஊழியனின் சம்பளம் உயர்ந்தால், அவனுக்கு ஒருபடி மேலுள்ளவனைப் பழைய சம்பளத்தில் நிறுத்திவைக்க முதலாளியால் இயலாது. இவ்வாறு உயர்வு படிப்படியாக மேலேறியது. அஞ்சிய அளவு வேலையிழப்பும் நேரவில்லை. உற்பத்தித்திறன் மிக்க நிறுவனங்களை நோக்கித் தொழிலாளர் பெயர்ந்தனர். பதிவேட்டில் பெயரில்லாத கூலியாளர் பலரைச் சட்டம் காக்கவில்லை என்பது மெய்யே. ஆயினும், கூலி பேசுங்கால் அவர்களுக்கும் அத்தொகை ஓரளவு வழிகாட்டிற்று. இதனைப் பிறேசிலியர் கலங்கரை விளக்கிற்கு ஒப்பிடுவர்.

நாம் கருதவேண்டியது யாதெனில், தொகையினும் விதியே பெரிது என்பதாம். முந்திய ஆண்டின் விலையேற்றத்தையும், ஈராண்டுக்கு முந்திய உற்பத்தி வளர்ச்சியையும் கூட்டிச் சம்பளத்தை உயர்த்துமாறு பிறேசில் 2011இல் சட்டமியற்றியது.

நம் நாட்டிலோ, 2016ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளத்தை 10,000 ரூபாவாக்கியது. 2021இல் அது 12,500 ஆயிற்று. மறுஆண்டு விலைகள் விண்ணைத் தொட்டன. அத்தொகை 17,500 ரூபாவாக உயர்ந்ததோ 2024இலேதான். 2025இல் 27,000 ஆக மீண்டும் உயர்ந்தமை மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், இடைப்பட்ட ஆண்டுகளில் அரைவயிற்றுடன் உறங்கிய பிள்ளைகளுக்கு அவ்வுயர்வு காலந்தாழ்த்தியே வந்தது.

விலையோடு வளராத சம்பளச் சட்டம் நீர்வற்றிய கிணறு போன்றது. கட்டு உறுதியாயிருப்பினும் தாகந் தீர்க்காது.