கம்பஸ் முடிக்கும் பிள்ளையும் நமது கடை லாச்சியும்

துறைமுகப் பக்கம் கடை வைத்திருக்கும் நமக்கு வருடத்தில் ஒரு பருவம் வரும். கையில் தாள்கட்டோடு இரண்டு மூன்று பிள்ளைகள் வந்து நிற்பார்கள். "மாமா, பத்து நிமிஷம் தருவீங்களா? ஒரு வினாக்கொத்து நிரப்பணும்" என்பார்கள். கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தில் வணிகக் கற்கை படிக்கும் இறுதியாண்டு மாணவர்கள் அவர்கள். வரிக்காரர்கள் அனுப்பிய ஆட்களோ என்று பயந்து, விற்பனைத் தொகையைப் பாதியாகச் சொல்லி அனுப்பிவிடுவோம். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

அந்தப் பிள்ளைகளுக்கு அது கடைசிக் கட்டம். ஆய்வறிக்கை கொடுக்க வேண்டும், தொழிற்பயிற்சி முடிக்க வேண்டும், பரீட்சை எழுத வேண்டும். சராசரிப் புள்ளி 3.70 எடுத்தால் முதலாம் வகுப்பு, 3.30 எடுத்தால் இரண்டாம் வகுப்பு மேல்நிலை. இந்தச் சிறிய வித்தியாசத்துக்காகத் தூக்கமில்லாமல் திரிவார்கள்.

பரீட்சை முடிந்த அன்று படம் பிடித்து, சேட்டில் கையெழுத்து வாங்கி, விடுதி அறையைக் காலி செய்து வீட்டுக்கு வருவார்கள். மறுநாளே பட்டதாரி ஆகிவிட்டதாக ஊர் நினைக்கும். உண்மை அதுவல்ல. விடைத்தாள் திருத்தி, பெறுபேறு வெளியாகி, அதன்பிறகுதான் பட்டமளிப்பு விழா. இதற்குள் பல மாதங்கள் ஓடிவிடும். 2020இல் கொரோனா, 2024இல் இரண்டு மாதத்துக்கும் மேல் நீடித்த கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் என்று நான்கு வருடப் படிப்பே இழுபட்டுப் போனதும் உண்டு.

இந்த இடைவெளியில் மஹாபொல பணமும் வராது. மஹாபொல என்றால் பெரிய சந்தை என்று பொருள். வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலி 1981இல் சட்டமாக்கிய நிதியம் அது. வர்த்தகக் கண்காட்சிகளில் சேர்ந்த பணமும் அதற்குள் போனது. மாதம் 5,000 ரூபாவாக இருந்த கொடுப்பனவு 2025இல் 7,500 ஆனது. படிப்பு முடிந்தால் அதுவும் முடிந்தது.

2019இல் ஒரு பிள்ளை என் கடையில் தொழிற்பயிற்சி செய்தான். கயிறு, மிதவை, வலை நூல் என்று ஒவ்வொரு சரக்குக்கும் தனி அட்டை போட்டு, வாங்கிய விலை, திகதி, மீதி எல்லாம் எழுதினான். மூன்று மாதமாக அசையாத சரக்கில் எட்டு லட்சம் ரூபா படுத்துக் கிடப்பதை அவன் காட்டித்தான் நான் கண்டேன். முப்பது வருட வியாபாரி நான்!

கடைசிப் பரீட்சை முடிந்து வந்து, "பெறுபேறு வரும்வரை கடையில நிக்கட்டுமா மாமா?" என்று கேட்டான். எப்படியும் அரசாங்க வேலைக்குப் போகிறவன்தானே என்று நான் சாட்டுச் சொல்லி அனுப்பிவிட்டேன். 2020இல் பட்டதாரிப் பயிலுனர் திட்டத்தில் மாதம் 20,000 ரூபாவுக்குச் சேர்ந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. 2017இல் கிழக்கின் பட்டதாரிகள் வேலை கேட்டு மாதக்கணக்கில் வீதியில் இருந்ததை நாம் பார்த்தோம். கம்பஸ் படித்தவன் கடையிலா நிற்பது என்று கேட்கும் உறவினரும் உண்டு.

அவன் போனபின் அட்டைகளை யாரும் எழுதவில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர், மே மாதம் 350ஐத் தாண்டியது. எது எத்தனை கிடக்கிறது, எந்த விலைக்கு வாங்கியது என்று தெரியாமல் பழைய விலைக்கே விற்றேன். கடை நிறைய ஆட்கள் வந்தார்கள், சந்தோஷப்பட்டேன். அதே கயிற்றை மறுபடி வாங்கப் போனபோது கையிலிருந்த காசுக்குப் பாதிச் சரக்குத்தான் கிடைத்தது.

இப்போது கணக்குப் பார்ப்போம். 2026 ஜனவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா என்கிறது சட்டம். கணக்குத் தெரிந்த பிள்ளைக்கு 40,000 கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி பங்காக ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், ஆக 6,000. மொத்தச் செலவு 46,000. பிள்ளையின் பங்கு 8 வீதம், 3,200 கழிந்து கைக்கு 36,800 போகும். நியமனக் கடிதம் எழுத்தில் கொடுங்கள். பின்னர் வேறு வேலைக்குப் போனாலும் அந்த அனுபவம் அவனுக்குக் கணக்கில் வரும். ஒரு வருடம் நின்றாலும் உங்கள் அட்டைகள் ஒழுங்காகும்.

இம்முறை வினாக்கொத்தோடு வந்த பிள்ளைக்கு உண்மையான விற்பனைத் தொகையைச் சொன்னேன். பரீட்சை முடிந்த மறுநாள் வரச் சொல்லியிருக்கிறேன். வாப்பாவிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போயிருக்கிறான்.