நாம் தவிர்க்கும் ஆட்டம்

1960 மே மாதம் மாஸ்கோவில் மிகைல் போத்வின்னிக்கை 12½ – 8½ என்ற கணக்கில் வென்று மிகைல் தால் செஸ் உலக சாம்பியன் ஆனார். அப்போது அவருக்கு வயது 23. குதிரையையும் பிஷப்பையும் தயங்காமல் தியாகம் செய்து, எந்த மிரட்டலை முதலில் கவனிப்பது என்று எதிராளி திணறும் சிக்கலுக்குள் அவரை இழுத்துப் போவது தாலின் வழக்கம். மறு ஆண்டே மறுபோட்டி நடந்தது. 49 வயது போத்வின்னிக் இம்முறை 13 – 8 என்று வென்று பட்டத்தை மீட்டார்.

இடைப்பட்ட மாதங்களில் அவர் தாலின் ஆட்டங்களையும் தாம் தோற்ற ஆட்டங்களையும் உட்கார்ந்து அலசினார். தாலைவிட வேகமாகத் தாக்க அவர் முயலவில்லை. சிப்பாய்கள் ஒன்றோடொன்று முட்டிப் பூட்டிக்கொள்ளும் மூடிய நிலைகளையும், ராணிகள் வெட்டுப்பட்ட பிறகு நீளும் எண்ட்கேமையும் தேடிப் போனார். அங்கே தால் இயல்பாக இல்லை. தாலின் சிறுநீரகக் கோளாறுக்கும் அந்தத் தோல்வியில் பங்கு உண்டுதான். ஆனாலும் போத்வின்னிக் கண்டுபிடித்தது பெரிய விஷயம்: ஒருவர் விரும்பி ஆடும் ஆட்டத்தைவிட, அவர் தவிர்க்கும் ஆட்டம்தான் அவரைப் பற்றி அதிகம் சொல்கிறது.

இந்த ஆராய்ச்சியை இன்று கைபேசியில் செஸ் ஆடும் பள்ளி மாணவரும் செய்ய முடியும். இணையத்தில் ஆடும் ஒவ்வொரு ஆட்டமும் சேமிக்கப்படுகிறது. எந்த நகர்வுக்கு எத்தனை விநாடி செலவானது என்பது உட்பட எல்லாம் பதிவாகிறது. ஆனால் பெரும்பாலோர் அதைத் திறந்து பார்ப்பதில்லை. “நான் அட்டாக்கிங் பிளேயர்”, “எனக்குப் பொறுமையான ஆட்டம்தான் வரும்” என்று ஒரு முடிவோடு, அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுகிறார்கள்.

ரேட்டிங் சொல்வதும் சொல்லாததும்

தம்மை அளந்துகொள்ள எல்லோரும் முதலில் பார்ப்பது ரேட்டிங். இதன் அடிப்படைக் கணக்கை அமைத்தவர், ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாத் ஏலோ. சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிடே அதை 1970இல் ஏற்றது. இருவருக்கிடையே 200 புள்ளி வித்தியாசம் இருந்தால், மேலே இருப்பவர் 100 ஆட்டங்களில் சுமார் 76 புள்ளி எடுப்பார் என்று அந்தக் கணக்கு எதிர்பார்க்கிறது. இணையத்தில் செஸ் ஆட உதவும் லிசெஸ் தளம் பயன்படுத்துவது புள்ளியியல் அறிஞர் மார்க் கிளிக்மன் உருவாக்கிய கிளிக்கோ-2 முறை. அதில் புதியவர்கள் 1500இல் தொடங்குகிறார்கள். அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதையும் அம்முறை சேர்த்தே கணக்கிடுகிறது. நீண்ட நாள் ஆடாமல் இருந்தால் நம்பகம் குறையும். தொடர்ந்து ஆடினால் கூடும்.

ரேட்டிங் ஒரு மதிப்பீடு மட்டுமே. ஓப்பனிங்கைப் பன்னிரண்டு நகர்வு வரை மனப்பாடமாக வைத்திருந்து பிறகு காயைக் கோட்டைவிடுபவரும், ஓப்பனிங்கில் தடுமாறி எண்ட்கேமில் மீள்பவரும் ஒரே 1500இல் இருக்கலாம். இருவரும் கற்க வேண்டியவை முற்றிலும் வேறு.

அடுத்துப் பார்ப்பது, ஆட்டம் முடிந்ததும் என்ஜின், அதாவது நகர்வுகளை அலசும் கணினி நிரல், தரும் துல்லியச் சதவீதம். இதிலும் ஒரு மயக்கம் உண்டு. ஸ்லோவேனியாவின் மத்தேய் குயிட், இவான் பிராட்கோ என்ற இரு ஆய்வாளர்கள், உலக சாம்பியன்களின் ஆட்டங்களைக் கணினி கொண்டு அளந்து 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மிகக் குறைவாகப் பிசகியவர் கியூபாவின் கபபிளாங்கா என்று வந்தது. ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. நிலை எளிதாக இருந்தால் பிழையும் குறையும் என்பதால், ஒவ்வொரு நிலையும் எவ்வளவு சிக்கலானது என்பதையும் தனியே அளந்தார்கள். நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. தெரிந்த, பத்திரமான நிலைகளிலேயே சுற்றி வந்தால் துல்லியம் 90ஐத் தாண்டும். அந்தப் பெரிய எண்ணுக்குப் பின்னால், நாம் தொடாமலே விட்ட ஆட்டம் மறைந்திருக்கும்.

கைரேகை போல் ஒரு பாணி

சாதாரண ஆட்டக்காரருக்குப் பாணி என்று ஒன்று உண்டா, அது கிராண்ட்மாஸ்டர்களுக்கு மட்டும் உரியதா என்று கேட்கலாம். டொரான்டோ பல்கலைக்கழகம், கார்னெல் பல்கலைக்கழகம், மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவு ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் 2020இல் ‘மாயா’ என்ற செஸ் நிரலை வெளியிட்டார்கள். சிறந்த நகர்வைத் தேடுவது அதன் வேலை அல்ல. இந்த ரேட்டிங்கில் உள்ள மனிதர் எதை ஆடுவார் என்று ஊகிப்பதுதான். 1100 முதல் 1900 வரை ஒன்பது நிலைகளுக்கு ஒன்பது மாயாக்கள். மனிதர்களின் பிழைகளையும் அவை கற்றுக்கொண்டன.

அதே குழு 2021இல் இன்னொரு சோதனை செய்தது. ஒருவர் ஆடிய 100 ஆட்டங்களைக் கொடுத்தால், ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர்கள் நடுவிலிருந்து அவரை அவர்களது நிரல் 98 சதவீதத் துல்லியத்துடன் அடையாளம் காட்டியது. பெயர் தேவைப்படவில்லை, நகர்வுகளே போதும். ஆக, பாணி நமக்கும் இருக்கிறது, கைரேகை போல அழுத்தமாகவே இருக்கிறது. நல்ல நகர்வு பெரும்பாலும் எல்லோருக்கும் பொது. நம்மைத் தனித்துக் காட்டுவது நம் விருப்பங்களும் நம் சறுக்கல்களும்தான்.

முப்பது ஆட்டங்களை எடுங்கள்

சுயபரிசோதனைக்கு அண்மையில் ஆடிய முப்பது ஆட்டங்கள் போதும். ஒருவருக்குப் பத்து நிமிடமோ அதற்கு மேலோ உள்ள ஆட்டங்களாக இருக்கட்டும். ஒரு நிமிட புல்லட் ஆட்டம் விரல் வேகத்தைத்தான் காட்டும். தோற்றவற்றையும், வெல்ல வேண்டியிருந்து டிராவில் முடிந்தவற்றையும் முதலில் எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஆட்டம் கைநழுவிய ஒரு நகர்வைக் கண்டுபிடியுங்கள். அதைப் பற்றி நான்கு விவரங்களை எழுதுங்கள்: ஆட்டத்தின் எந்தக் கட்டம், ராணிகள் பலகையில் இருந்தனவா, அந்த நகர்வுக்கு எவ்வளவு நேரம் எடுத்தீர்கள், பிழை எந்த வகை.

பிழைகள் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கும். எதிராளியின் மிரட்டலையே பார்க்காதது முதல் வகை. பார்த்தும் கணக்கைப் பாதியில் நிறுத்தியது இரண்டாவது. அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் ஏதோ ஒன்றை நகர்த்தியது மூன்றாவது. கடிகாரத்தைப் பார்த்துப் பதறியது நான்காவது. ஐந்து விநாடியில் ஆடிய நகர்வில் காய் போயிருந்தால் அது முதல் வகையாக இருக்கும். மூன்று நிமிடம் யோசித்தும் போயிருந்தால் வேறு வகை. முப்பது ஆட்டங்களை எழுதி முடிப்பதற்குள் ஒரே பிழை திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும்.

பிறகு, வென்ற ஆட்டங்களுக்கும் வாருங்கள். ராணியை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு வந்தபோதெல்லாம் விலகினீர்களா? காஸ்லிங் செய்த பக்கத்துச் சிப்பாய்களை அவசரமாகத் தள்ளினீர்களா? ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் யானை எண்ட்கேமுக்குப் போகத் தயங்கினீர்களா? தால் எங்கே சங்கடப்பட்டார் என்று போத்வின்னிக் பார்த்தது போல, உங்களுக்கு எதிரே அமர்ந்து உங்களைப் படிக்க வேண்டியவரும் நீங்கள்தான்.

கண் பார்க்க மறுப்பது ஏன்?

பழகிய வழி கண்ணையே கட்டிப்போடும். மெரிம் பிலாலிச், பீட்டர் மெக்லௌட், பெர்னாண்ட் கோபே ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், செஸ் வல்லுநர்களின் கண்ணசைவுகளைக் கருவிகளால் பதிவு செய்தார்கள். பலகையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு செக்மேட் வழி இருந்தது. அதைவிடக் குறுகிய வழி ஒன்றும் இருந்தது. பழகிய வழியைக் கண்டவர்கள், “இதைவிடச் சிறந்ததைத் தேடிக்கொண்டிருக்கிறோம்” என்றுதான் சொன்னார்கள். ஆனால் அவர்களின் கண்கள் பழைய வழிக்கான கட்டங்களிலேயே சுற்றின. பழகிய வழி வேலை செய்யாதபடி நிலையை மாற்றியதும், குறுகிய வழி அவர்களுக்குப் புலப்பட்டது.

ஒருவர் எவ்வளவு ஆழமாக யோசிக்கிறார் என்பதோடு, எந்தத் திசையில் யோசிக்கிறார் என்பதும் முக்கியம். மிஷெல் கவுலி, ரூத் பர்ன் ஆகியோர் 2004இல் காட்டியது இது: அனுபவம் மிக்கவர்கள் தாம் நினைத்த நகர்வை எதிராளி எப்படி முறியடிப்பார் என்று தேடுகிறார்கள்; புதியவர்களோ எதிராளி தமக்கு வசதியாக ஆடுவார் என்று எண்ணிக்கொள்கிறார்கள். நகர்த்துவதற்கு முன் “இதற்கு அவர் தரக்கூடிய பதில்களில் எனக்கு மிக மோசமானது எது?” என்று தம்மைக் கேட்டுக்கொள்ளும் பழக்கம், முதல் வகைப் பிழைக்கு நேரான மருந்து.

முதலில் நீங்கள், பிறகு என்ஜின்

ஆட்டம் முடிந்த கணமே என்ஜின் அம்புக்குறி காட்டிவிடுகிறது. விடை கிடைக்கிறது, அது நமக்கு ஏன் தோன்றவில்லை என்பது கிடைப்பதில்லை. 2024 டிசம்பரில் 18 வயதில் உலக சாம்பியனான சென்னையின் குகேஷ், தம் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவிடம் கற்ற தொடக்க ஆண்டுகளில் என்ஜின் துணையில்லாமல் வளர்ந்தவர். கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெறும்வரை தம் மூளையால் கணக்கிட்டே பழகினார். நாமும் தோற்ற ஆட்டத்தை முதலில் நாமே அலசி, எங்கே தவறினோம் என்று எழுதிவைத்து, அதன் பிறகு என்ஜினிடம் சரிபார்க்கலாம். நாம் எழுதியதும் என்ஜின் சொல்வதும் விலகும் இடத்தில்தான் பாடம் இருக்கிறது. நீல் சார்னெஸும் அவரது சகாக்களும் 2005இல் வெளியிட்ட ஆய்விலும், தனியாக அமர்ந்து முனைந்து படித்த மணி நேரங்களே ஒருவரின் ரேட்டிங்கோடு மிக அதிகமாகப் பொருந்தின.

மருந்து ஒரு நேரத்தில் ஒன்றாக இருக்கட்டும். ராணியில்லாத நிலை உங்களுக்குப் பயம் என்றால், மூன்று மாதம் யானை எண்ட்கேம்களைக் கற்று, ராணி மாற்றத்துக்கு வழிவிடும் ஓப்பனிங்கையே வேண்டுமென்று ஆடுங்கள். தாக்குதல் வராது என்றால் எதிர்த்திசையில் போங்கள். கைநழுவிய அந்த நிலையைப் பலகையில் அடுக்கி, நண்பரோடு மீண்டும் ஆடிப் பாருங்கள். இதனால் சொந்தப் பாணி போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். தியாகங்களுக்குப் பேர்போன தால், 1973 அக்டோபர் முதல் ஓராண்டு காலம் 95 ஆட்டங்கள் தோல்வியே காணாமல் ஆடினார். அவற்றில் 46 வெற்றி, 49 டிரா. பொறுமையைச் சேர்த்துக்கொண்ட பின்னும் அவர் தாலாகவே இருந்தார்.

மூன்று மாதம் கழித்து இன்னொரு முப்பது ஆட்டங்களை எடுத்து, பழைய பிழை எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். ரேட்டிங் அதற்குள் ஏறாமலும் இருக்கலாம். பழக்கமில்லாத நிலைகளை ஆடும்போது அது முதலில் இறங்கக்கூடும். பிழையின் எண்ணிக்கை குறைந்திருந்தால் நீங்கள் முன்னேறிவிட்டீர்கள்; ரேட்டிங் பின்னால் வரும். முன்பு விலகி ஓடிய ஒரு நிலைக்குள் துணிந்து இறங்கி, அங்கே யோசித்து ஆடி வெல்வதில் இருக்கும் மகிழ்ச்சியை எந்த எண்ணும் தராது.