கவிழ்தலும் நிமிர்தலும்: சிறு மீன்பிடிக்கலங்களின் உறுதிநிலை பற்றிய ஒரு குறிப்பு

தகழி சிவசங்கரப்பிள்ளையின் 'செம்மீன்' 1956இல் மலையாளத்தில் வெளிவந்தது. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பு வாயிலாகத் தமிழ் வாசகர்க்கும் நன்கு அறிமுகமாயிற்று. கடலுக்குச் சென்றவனின் உயிரைக் கரையிலிருக்கும் மனைவியின் கற்பே காக்கின்றது என்னும் நம்பிக்கை அந்நாவலின் அச்சாணியாகும். இந்நம்பிக்கையை மூடத்தனமென ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், தம் கருவிகளால் அடக்க இயலாத இயற்கையை நாள்தோறும் எதிர்கொள்ளும் உழைப்பாளர் சமூகம், தன்னால் அடக்கத்தக்கதாயிருந்த பெண்ணின் ஒழுக்கத்தின்மீது அப்பொறுப்பைச் சுமத்தியது என்பதே மனங்கொள்ளத்தக்கது. இக்கருத்தியல் ஒரு வினாவை மறைத்துவிடுகின்றது. கலம் ஏன் கவிழ்கின்றது? கவிழ்ந்தபின் அதனை நிமிர்த்துவது எவ்வாறு? இவ்வினாவையே நாம் ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

மிதக்கும் கலத்தின்மீது இரு விசைகள் தொழிற்படுகின்றன. பாரம் கீழ்நோக்கி அழுத்துகின்றது. நீர் மேல்நோக்கித் தள்ளுகின்றது. கலம் சாயும்போது நீருள் அமிழ்ந்த பகுதியின் வடிவம் மாறுவதால், நீரின் உந்துதல் தொழிற்படும் புள்ளியும் சாய்ந்த பக்கத்திற்கு நகர்கின்றது. அவ்வுந்துதல் கலத்தை மீள நிமிர்த்துமா, மேலும் கவிழ்க்குமா என்பதைப் பாரத்தின் உயரமும் கலத்தின் அகலமும் தீர்மானிக்கின்றன. பிரெஞ்சு அறிஞர் பியேர் பூகே 1746இல் வெளியிட்ட நூலில் இதனைக் கணித முறையில் விளக்கினார். எனினும் அகலத்திற்கு ஒரு முரண்பாடு உண்டு. அகன்ற கலம் எளிதிற் கவிழாது. ஆனால் கவிழ்ந்துவிட்டால் தலைகீழாகவும் அதே உறுதியோடு கிடக்கும். ஆகவே கவிழாதிருத்தல், கவிழ்ந்தபின் மீளுதல் ஆகிய இரண்டையும் வேறுபடுத்தி நோக்குதல் அவசியமாகும்.

இவ்விரண்டாவது கூற்றிலேயே கட்டுமரத்தின் சிறப்பு தங்கியுள்ளது. ஐரோப்பிய மொழிகள் தமிழிடமிருந்து கடன்கொண்ட சொற்களுள் இதுவும் ஒன்றெனப் பெருமை கொள்வோர் பலர். அதன் பொறிமுறையைச் சிந்திப்போர் சிலரே. பாரங்குறைந்த மரக்குற்றிகளைக் கயிற்றாற் பிணைத்து ஆக்கப்படும் இக்கலத்திற்கு நீர் தேங்கும் உட்குழிவு இல்லை. அலை மேலேறி இடுக்குகளின் வழியே வடிந்துவிடுகின்றது. மரத்தின் மிதப்பே கலத்தின் மிதப்பாதலால் அது மூழ்குவதில்லை. கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம்; நீர் இறைக்கும் வேலை இல்லை. கவிழ்தல் நிகழும் என்பதை ஏற்றுக்கொண்டே வடிவமைக்கப்பட்ட கலம் இது.

பாமன்கடையிலிருந்து தெற்கே வாய்க்காலைக் கடந்தால் அண்மையிலுள்ளது தெஹிவளைக் கரை. இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகளுக்குரிய மரபுக்கலம் சிங்களத்தில் 'ஒறுவ' எனப்படும். அதன் உடல் மிக ஒடுங்கியது, தனித்து நிற்கமாட்டாது. குறுக்குக் கழிகளாற் பிணைக்கப்பட்ட பக்க மிதவையே அதனை நிறுத்துகின்றது. பாய் விரித்துச் செல்கையில் மிதவை எப்போதும் காற்று வீசும் பக்கத்திலேயே வைக்கப்படும். காற்று வலுத்து மிதவை மேலெழும்போது, தொழிலாளர் கழிகளின்மீது ஊர்ந்து சென்று தம் உடற்பாரத்தால் அதனை அமிழ்த்துவர். ஓராட் காற்று, ஈராட் காற்று என்று, தேவைப்படும் ஆள்களின் எண்ணிக்கையாற் காற்றின் வலு அளவிடப்பட்டதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் குறிப்புகள் கூறுகின்றன. மனித உடலே உற்பத்திக் கருவியின் நிறைகல்லாயிற்று என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழை வள்ளங்கள் பரவின. வேகமும் தூரமும் பிடியும் பெருகின. இவ்வளர்ச்சியை மறுப்பது பழமைவாதமாகும். ஆயின் கண்ணாடியிழை நீரினும் அடர்த்தி மிக்கது. மூடிய காற்றறைகளோ நுரைப்பொருளோ போதிய அளவில் இல்லையெனின், நீர் நிரம்பிய வள்ளம் மூழ்கும். உள்ளே புகுந்த நீர் சாயும் பக்கத்திற்கே ஓடிச் சாய்வை மிகுவிக்கும். காற்றறைக்கு ஒதுக்கும் இடம் வலைக்கும் மீனுக்கும் உரிய இடத்தைக் குறைக்கின்றது, செலவையும் கூட்டுகின்றது. அச்செலவைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் கடலுக்குச் செல்பவரல்லர். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் பெருந்தொகையாக வழங்கப்பட்ட வள்ளங்களிற் சிலவற்றின் தரக்குறைவு அக்காலத்திலேயே சுட்டிக்காட்டப்பட்டது.

இருவர் செல்லும் சிறுகலத்தை நிமிர்த்தும் முறை எளியது. இருவரும் ஒரே பக்கம் நின்று, மறுபக்க விளிம்பையோ அதிற் கட்டிய கயிற்றையோ பற்றி, உடலைப் பின்னே சாய்த்து இழுத்தல் வேண்டும். நிமிர்ந்தபின் ஒருவர் எதிர்ப்பக்கத்தைப் பிடித்து நிலைநிறுத்த, மற்றவர் ஏறுவார். பின்னர் ஏறியவர் மற்றவர் ஏறத் துணைபுரிவார். இயந்திரம் பூட்டிய பெருவள்ளத்தை இருவர் நிமிர்த்துதல் அரிது. அந்நிலையில் கலத்தை விட்டு நீந்தாது பற்றியிருத்தலே உயிர்காக்கும். பற்றியிருப்பதற்குக் கலம் மிதக்க வேண்டும்.

இன்று பொழுதுபோக்காக மீன்பிடிப்போருக்கென இருவர் அமரும் பிளாத்திக்குத் துடுப்புக்கலங்கள் விற்கப்படுகின்றன. ஏறத்தாழ 4 மீற்றர் நீளமும் 85 சதமமீற்றருக்கு மேற்பட்ட அகலமும் கொண்ட இவற்றின் உடல் முழுவதும் மூடப்பட்டது. ஆள்கள் மேலே அமர்வர். நீர் துளைகள் வழியே வடியும். ஆர்க்டிக் இனுவிற் மக்களின் தோற்கலத்தின் பெயரை இவை தாங்கியிருப்பினும், பொறிமுறையிற் கட்டுமரத்திற்கே நெருங்கியவை. ஏழையின் கலம் எனக் கைவிடப்பட்டதன் கோட்பாடு, ஓய்வுநேரம் உடையோரின் பண்டத்தில் முழுமை பெற்றுள்ளது.

2013 ஜூன் மாதம் தென்மேற்குக் கரையில் திடீரென வீசிய கடுங்காற்றில் நாற்பதுக்கு மேற்பட்ட கடற்றொழிலாளர் மாண்டனர். உரிய எச்சரிக்கை கிடைக்கவில்லை என்பதே அன்று எழுந்த முறைப்பாடு. காற்றை எவரும் தடுக்க முடியாது. ஆனால் எச்சரிக்கை, காற்றறை, மிதப்பு அங்கி ஆகியவை இயற்கையின் பாற்பட்டவை அல்ல. அவை சமூகத்தின் தெரிவுகள். கற்பின்மீதும் விதியின்மீதும் சுமத்தப்பட்ட பொறுப்பை உரிய இடத்திற்குத் திருப்புதல் கடற்றொழிலாளரின் கோரிக்கையாக மட்டுமன்றி, நெய்தல் வாழ்வைப் படைக்கவும் ஆராயவும் முற்படும் இலக்கியத்தின் கடமையாகவும் அமைதல் வேண்டும்.