வீட்டு வைஃபை அதிர்வெண் பட்டைகள்

வீட்டு வைஃபை அதிர்வெண் பட்டைகள் என்பவை, ரவுட்டரும் கைப்பேசி, மடிக்கணினி முதலிய கருவிகளும் கம்பியின்றித் தொடர்பு கொள்ளும் வானொலி அலை எல்லைகளாகும். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன. திண்டுக்கல் மாவட்டத்தின் சேவுகம்பட்டி போன்ற பேரூர்களில் இணைய வகுப்போ மருத்துவ ஆலோசனையோ பாதியில் அறுபட்டால் இழப்பு பெரிது. எனவே வேகத்தைவிடத் தடையின்மையே இங்கு முதன்மையானது.

உரிம விலக்கு

2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு 2005-இல் உரிம விலக்கு அளிக்கப்பட்டது. 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு விலக்கு விரிவாக்கப்பட்டது. உரிமம் தேவையில்லை என்பதால், அண்டை வீட்டு அலைகளின் குறுக்கீட்டிலிருந்து எவரும் பாதுகாப்புக் கோர முடியாது.

வேறுபாடுகள்

2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 செ.மீ.; 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 5 முதல் 6 செ.மீ. வரை. முன்னது சுவர்களைக் கடந்து தொலைவு செல்லும். ஆனால் அதன் அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. அதன் தடங்களுள் 1, 6, 11 ஆகிய மூன்றே ஒன்றோடொன்று மோதாமல் இயங்குவன. புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் இதே பட்டையில் இயங்குகின்றன. பின்னது வேகமும் இடவசதியும் மிக்கது. எனினும் சுவர்களில் விரைவில் வலுவிழக்கும்.

தேர்வு செய்தல்

ரவுட்டர் உள்ள அறைக்கும் அடுத்த அறைக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் ஏற்றது. இரண்டு மூன்று சுவர்களுக்கு அப்பாலும், மாடியிலும், கண்காணிப்புக் கேமரா, பழைய கைப்பேசி ஆகியவற்றுக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பொருந்தும். கருங்கல் சுவர், கான்கிரீட் தளம், தண்ணீர்த் தொட்டி ஆகியவை இரு பட்டைகளையுமே மங்கச் செய்யும். இரும்பு பீரோவும் தகரக் கூரையும் அலையைத் திருப்பியனுப்பும். ஆகவே ரவுட்டரை வீட்டின் நடுவில், ஆள் உயரத்திற்கு மேல் வைப்பது நல்லது. பெரிய வீடுகளில் கம்பிவழி இணைத்த இரண்டாவது ரவுட்டர் உதவும்.

பிழை கண்டறிதல்

இணைப்பு அடிக்கடி அறுபட்டால், முதலில் மடிக்கணினியைக் கம்பி வழியாக ரவுட்டருடன் இணைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் அறுபட்டால் குறை பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் இணைப்பிலோ ரவுட்டரிலோதான். பட்டையை மாற்றுவதால் பயனில்லை. கம்பியில் சீராகவும் வைஃபையில் தடையாகவும் இருந்தால் மட்டுமே பட்டையையும் தடத்தையும் மாற்றிப் பார்க்கலாம். மின்தடையின்போது ரவுட்டரும் நின்றுவிடும் என்பதால், அதற்கெனச் சிறிய மின்கல அமைப்பு வைத்துக்கொள்வது பயன்தரும்.