ரயில் பெட்டியும் சிகரெட் புகையும்

"அவன் காசு, அவன் நுரையீரல், அவன் ஊதிவிட்டுப் போகிறான். உங்களுக்கு என்ன சார் நஷ்டம்?"

சிகரெட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் சங்கத்துக் கூட்டங்களில் யாராவது ஒருவர் இப்படிக் கேட்காமல் இருப்பதில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். நான் மருத்துவன் அல்லன். டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, பெட்டிகளைப் பராமரிக்கும் பிரிவில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவன். ஆகவே காற்று எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்ற பக்கத்திலிருந்து இதற்குப் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் "அவன் நுரையீரல்" என்ற பாதியைச் சீக்கிரமாக முடித்துவிடலாம். அதில் விவாதம் ஓய்ந்து வெகு காலமாகிறது. 1950இல் லண்டனில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இருவர் நுரையீரல் புற்றுநோய் ஏன் பெருகுகிறது என்று ஆராய்ந்தார்கள். மோட்டார் வண்டிப் புகையோ, சாலைக்குப் போடும் தாரோ காரணமாயிருக்கும் என்றுதான் டால் முதலில் எண்ணினார். கணக்கு சிகரெட்டைக் காட்டியது. ஆராய்ச்சி முடியும் முன்பே அவர் தம்முடைய சிகரெட்டை விட்டுவிட்டார். பிறகு பிரிட்டிஷ் டாக்டர்களையே 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2004இல் முடிவை வெளியிட்டார்கள். விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாகப் போய்ச் சேர்ந்தார்கள். அறுபது வயதில் விட்டவர்களுக்கு அதில் மூன்று ஆண்டு திரும்பக் கிடைத்தது. ஐம்பதில் விட்டால் ஆறு, நாற்பதில் ஒன்பது, முப்பதில் விட்டால் ஏறக்குறைய முழுப் பத்தும்.

வெள்ளைக்காரன் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு என்பாரும் உண்டு. சென்னையில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2003இல் வெளிவந்தது. புகைக்கும் ஆண்கள் காசநோயால் இறப்பது புகைக்காதவர்களைவிட நான்கு மடங்குக்கும் மேல் என்று அது காட்டியது. 2008இல் வந்த அகில இந்திய ஆய்வின்படி பீடி குடிக்கும் ஆண்களுக்கு ஆறு ஆண்டும், சிகரெட் பிடிக்கும் ஆண்களுக்குப் பத்து ஆண்டும் ஆயுள் குறைகிறது. பீடி மட்டம், சிகரெட் உசத்தி என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கலாம்.

இனி "உங்களுக்கு என்ன நஷ்டம்" என்ற பாதி. இங்கேதான் என் தொழில் வருகிறது.

உறிஞ்சும்போது சிகரெட்டின் நுனி சுமார் 900 டிகிரி சூட்டில் எரிகிறது. உறிஞ்சாத நேரத்தில் சூடு தணிந்து, போதிய காற்றில்லாமல் புகைந்துகொண்டே இருக்கும். காற்றைக் குறைத்தால் அடுப்பு எரியாது, புகையும்; கார்பன் மோனாக்சைடும் அதிகமாகும். கரி அடுப்பு மூட்டிய தாய்மார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சிகரெட்டைச் சோதிக்கும் யந்திரம் ஒன்று உண்டு. பழைய சர்வதேச முறைப்படி அது நிமிடத்துக்கு ஒருமுறை, இரண்டு விநாடி உறிஞ்சும். அந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டால், நிமிடத்தில் 2 விநாடிப் புகை பிடிப்பவருக்கு; மீதி 58 விநாடி நுனியிலிருந்து எழும் புகை அறைக்கு. அவர் ஊதி வெளியே விடுவது தனி. பக்கத்திலிருப்பவர் சுவாசிக்கும் புகையில் பெரும்பங்கு இந்த நுனிப் புகைதான். ஃபில்டர் இருப்பது மறுமுனையில், அவர் வாய்ப்பக்கம். காசு கொடுத்தவருக்காவது ஃபில்டர் உண்டு. (அதனாலும் அவருக்கு உருப்படியான பலன் இல்லை என்பது வேறு கதை.) எதிர் பெர்த்தில் இருக்கும் குழந்தைக்கு அதுவும் கிடையாது.

அந்தப் புகை பெட்டிக்குள் என்ன ஆகிறது? புகைத்துகளில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியவை. அவை தூசி போலக் கீழே படியாமல் மணிக்கணக்கில் மிதக்கும். ஏ.சி. பெட்டியில் உள்ளிருக்கும் காற்றையே இழுத்து, குளிர்வித்து, திரும்ப உள்ளே அனுப்புகிறோம். வெளிக்காற்றை ஒரு பங்குதான் சேர்ப்போம். முழுக்க வெளிக்காற்று என்றால் மே மாதத்து நாக்பூர் வெயிலைக் குளிர்விக்க எந்த யந்திரமும் திணறும். வழியிலுள்ள வலை தூசியையும் பஞ்சையும் பிடிக்கும், புகையைப் பிடிக்காது. ஆகவே ஒரு மூலையில் பற்றவைத்த சிகரெட் சிறிது நேரத்தில் பெட்டி முழுவதுக்கும் சொந்தம். சாதா பெட்டியில் வாசலில் நின்று பிடித்தால் போதாதா என்பார்கள். ஓடும் வண்டியின் பக்கவாட்டில் காற்று சுழல்கிறது; வெளியே விட்டதில் ஒரு பகுதி உள்ளே திரும்புகிறது.

2008ஆம் ஆண்டு விதிகளை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. விமான நிலையத்திலோ பெரிய ஓட்டலிலோ புகைக்க அறை ஒதுக்குவதானால், தரையிலிருந்து கூரைவரை சுவர், தானே மூடும் கதவு, காற்று நேராக வெளியே போகும் ஏற்பாடு, அறைக்குள் அழுத்தம் வெளியைவிடக் குறைவு என்று நிபந்தனை போட்டார்கள். இதை ஒரு ரயில் பெட்டியில் செய்து காட்டச் சொன்னால் நான் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

சட்டம் இந்த இடத்துக்கு மெதுவாகத்தான் வந்தது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 167ஆவது பிரிவு, பெட்டியிலுள்ள வேறு பயணி ஆட்சேபித்தால் புகைக்கக் கூடாது என்றது. அபராதம் நூறு ரூபாய் வரை. ஆட்சேபித்தால்! டில்லியிலிருந்து சென்னைக்கு முப்பத்து மூன்று மணி நேரம். கைக்குழந்தையோடு தனியே ஊருக்குப் போகும் நம் பெண், இந்தியும் சரியாக வராத நிலையில், சீட்டாடிக்கொண்டிருக்கும் ஐந்தாறு பேரைப் பார்த்து ஆட்சேபிக்க வேண்டும். முந்தானையால் குழந்தை முகத்தை மூடிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவதைத்தான் நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பிடிப்பவரின் உரிமையைப் பற்றிப் பேசுவோர் அந்த முந்தானையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

1999இல் கேரள உயர்நீதிமன்றம், பொது இடத்தில் புகைப்பது மற்றவர்களின் உயிர்வாழும் உரிமையைப் பாதிக்கிறது என்று தீர்ப்பளித்தது. பம்பாய் அரசியல்வாதி முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் 2001 நவம்பரில் உச்சநீதிமன்றம் நாடெங்கும் தடை விதித்தது. ரயிலும் அதில் அடக்கம். 2003இல் தனிச்சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் புதிய விதிகள், 200 ரூபாய் வரை அபராதம். அப்போது சுகாதார அமைச்சராக இருந்த அன்புமணி ராமதாஸ் திரைப்படத்தில் புகைக்கும் காட்சிக்கும் தடை கொண்டுவந்தார். அதை 2009இல் டில்லி உயர்நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. பீடி சுற்றும் திருநெல்வேலிப் பெண்களின் பிழைப்பு என்ன ஆகும் என்ற கேள்வியும் எழுந்தது. அது உண்மையான கேள்வி, அதற்கு மாற்று வேலைதான் விடை. ஆனால் கீழ் பெர்த்தில் சாய்ந்து ஊதுபவர் அவர்களுக்காக ஊதவில்லை.

இப்போது புதிய பெட்டிகளில் புகை காட்டும் கருவி இருக்கிறது. 2023 ஆகஸ்டில் திருப்பதி–செகந்திராபாத் வந்தே பாரத் வண்டியில் டிக்கெட் இல்லாத ஒருவர் கழிப்பறைக்குள் பற்றவைக்க, மணி அடித்து, தீயணைப்பு மருந்து பீச்சி, வண்டியே நின்றது. இனி நம் பெண் ஆட்சேபிக்க வேண்டாம், கருவியே ஆட்சேபிக்கும்.

வீட்டில் அந்தக் கருவி இல்லை, சட்டமும் வீட்டுக்குள் வராது. 2016–17இல் எடுத்த தேசியக் கணக்கின்படி பெரியவர்களில் நூற்றுக்கு 39 பேர் வீட்டிலேயே அடுத்தவர் புகையைச் சுவாசித்தார்கள். (2009–10இல் அது 52.) ஜப்பானில் ஹிராயாமா என்பவர் புகைக்காத மனைவியர் 91,540 பேரைப் பதினான்கு ஆண்டுகள் கவனித்து 1981இல் எழுதினார்: கணவர் மிகுதியாகப் புகைத்தால் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் ஏறக்குறைய இரு மடங்கு. குழந்தைகளுக்கு ஆஸ்துமா, காதில் சீழ், மார்புச் சளி எல்லாம் இதனால் கூடுகின்றன. டில்லிக் குளிரில் ஜன்னலையெல்லாம் அடைத்து, இரண்டு அறை ஃப்ளாட்டில் ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்கும் ஏ.சி. பெட்டிக்கும் காற்றைப் பொறுத்தவரை அதிக வித்தியாசம் இல்லை. பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பிடிப்பதும் ரயில் வாசலில் பிடிப்பது போலத்தான்.

விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசலாம், தமிழில் பேசவும் ஏற்பாடு உண்டு. எண்ணை எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. சிகரெட் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.