படங்களின் பருமனைச் சுருக்குதல்

வங்கிப் பணிகளுக்கு விண்ணப்பிப்போர் தம் நிழற்படத்தைக் கணிப்பொறி வாயிலாக அனுப்ப வேண்டியிருக்கிறது. படம் 20 முதல் 50 கிலோபைட் வரையிலான பருமன் உடையதாகவும், அகலத்தில் 200, உயரத்தில் 230 புள்ளிகள் கொண்டதாகவும் இருத்தல் வேண்டும் என, மும்பை காந்திவலியில் இயங்கும் வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனத்தின் அறிவிப்புகள் கூறிவந்துள்ளன. முகம் தெளிவற்றிருப்பின் விண்ணப்பம் தள்ளுபடியாகலாம் என்ற எச்சரிக்கையும் அவற்றில் உண்டு. ஆதலின் காட்கோபரில் நகலெடுக்கும் கடையில் அமர்ந்து விண்ணப்பத்தை நிரப்பும் இளைஞருக்குப் படத்தின் பருமன் குறையவும் வேண்டும். தெளிவு கெடாமலும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே இயலுவது எங்ஙனம்?

பருமன் என்பது யாது?

கணிப்பொறியில் படம் என்பது புள்ளிகளின் தொகுதியே. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் அளவைக் குறிக்க மூன்று பைட்டுகள் தேவை. மேற்கூறிய சிறு படத்தில் 46,000 புள்ளிகள் உள்ளன. சுருக்காமல் வைத்தால் அது 1,38,000 பைட்டுகளைக் கொள்ளும். கைப்பேசியில் எடுக்கப்படும் 120 லட்சம் புள்ளிகள் கொண்ட படமோ 360 லட்சம் பைட்டுகளைக் கொள்ளும்.

சுருக்கும் முறை

இன்று பெருவழக்கிலுள்ள ஜேபெக் முறை 1992-ஆம் ஆண்டில் தர நிர்ணயம் பெற்றது. மனிதக் கண் ஒளியின் ஏற்றத்தாழ்வை நுட்பமாக உணரும். நிறத்தின் ஏற்றத்தாழ்வை அத்துணை நுட்பமாக உணராது. எனவே ஒளியின் அளவு ஒவ்வொரு புள்ளிக்கும் தனியே பதிவு செய்யப்படுகிறது. நிறத்தின் அளவுகளோ பெரும்பாலும் நான்கு புள்ளிகளுக்கு ஒருமுறை மட்டுமே பதிவாகின்றன. இதனாலேயே பருமன் பாதியாகிவிடும்.

அடுத்து, படம் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்தின் 64 எண்களும் கொசைன் மாற்று எனும் கணித முறையால் வேறு 64 எண்களாக மாற்றப்படுகின்றன. இவற்றுள் முதலாவது எண் கட்டத்தின் சராசரி ஒளியைக் காட்டும்; ஏனையவை மெல்லிய மாறுதல் முதல் மிக நுண்ணிய மாறுதல் வரை படிப்படியாகக் காட்டும். கன்னம், நெற்றி போன்ற சீரான பகுதிகளில் நுண்ணிய மாறுதல்கள் மிகச் சிறியனவே. இவ்வெண்களைத் தக்க எண்களால் வகுத்து முழு எண்ணாக்கினால் பெரும்பாலானவை சுழியாகிவிடும். சுழிகளின் நீண்ட வரிசையைச் சுருங்கிய குறியீட்டால் எழுதிவிடலாம்.

இம்மாற்று முறையை வகுத்தவர் 1940-இல் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது ஆவார். அமெரிக்காவில் பேராசிரியராயிருந்த அவர், 1972-இல் இவ்வாராய்ச்சிக்கு நிதியுதவி கோரினார், அது மறுக்கப்பட்டது. எனினும் ஆராய்ச்சியைக் கைவிடாமல், தம் மாணவர் நடராஜன், பேராசிரியர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974-இல் முடிவுகளை வெளியிட்டார்.

தெளிவைக் காக்கும் வழி

முதற்கண், முகத்தைச் சுற்றியுள்ள வேண்டாத பகுதிகளை வெட்டி நீக்குதல் வேண்டும். பின்னர்ப் புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்தல் வேண்டும். தரத்தைக் குறைப்பது இறுதியில் செய்யத்தக்கது. இவ்வரிசையின் காரணம் தெளிவு. 50 கிலோபைட் என்பது ஏறத்தாழ 4 லட்சம் பிட்டுகள். அவற்றை 120 லட்சம் புள்ளிகளுக்குப் பங்கிட்டால் முப்பது புள்ளிகளுக்கு ஒரு பிட்டே கிட்டும். கட்டங்களின் ஓரங்கள் முகத்தின்மீது தென்படத் தொடங்கும். 46,000 புள்ளிகளுக்குப் பங்கிட்டாலோ ஒவ்வொன்றிற்கும் எட்டுப் பிட்டுகளுக்கு மேல் கிட்டும். அது தாராளமாகப் போதும்.

சுருக்கிய படத்தையே மீண்டும் மீண்டும் திருத்திச் சேமித்தலும் தகாது. வகுத்து முழு எண்ணாக்கியபோது இழந்த நுட்பம் பின்னர் மீளாது. பருமன் 20 கிலோபைட்டுக்குக் குறைந்துவிட்டால் மூலப்படத்திலிருந்தே மறுபடி தொடங்குதல் வேண்டும். ஆகவே மூலப்படத்தை அழிக்காமல் தனியே பாதுகாத்து வைத்தல் இன்றியமையாதது.