அறுத்துப் பார்த்த சப்பாத்து

வீட்டு வாசலில் பழைய நாளிதழை விரித்து, வலது கால் சப்பாத்தை மட்டும் அதன்மேல் வைத்து, மரம் அறுக்கும் ரம்பத்தால் மூக்கிலிருந்து குதிகால்வரை இரண்டாகப் பிளந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "நல்லாத்தானே இருக்கு தம்பி, ஏன் அறுக்கிறீங்க?" என்றார். துணி கிழியவில்லை, கயிறு நையவில்லை, அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் அந்தச் சப்பாத்து ஏறக்குறைய எழுநூறு கிலோமீட்டர் ஓடியது. பண்டமாரான் விளையாட்டு வளாகப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடிவிட்டு ரொட்டி சானாய்க் கடையில் உட்காரும் எங்கள் கூட்டத்தில் பேச்சு எப்போதும் இதில்தான் வந்து நிற்கும்: எந்தச் சப்பாத்து நல்லது, எப்போது மாற்றுவது, யாருக்கு எங்கே வலி. ஆளுக்கொரு வைத்தியம் சொல்வோம். சப்பாத்துக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் ஒருவரும் பார்த்ததில்லை.

வெட்டிய பக்கத்தைப் பார்த்ததும் அடுக்கடுக்கான குவே லாப்பிஸ்தான் ஞாபகத்துக்கு வந்தது. அடியில் மூன்று மில்லிமீட்டர் கனத்தில் கறுப்பு ரப்பர், அவுட்சோல். அதன்மேல் வெள்ளையாக, கட்டை விரல் அகலத்துக்கு நுரை. இதுதான் மிட்சோல். அதற்கும் மேலே ஒரு தையல் துணி, கழற்றி எடுக்கக்கூடிய மெத்தை. குதிகாலைச் சுற்றி ஓர் அரை வட்டப் பிளாஸ்டிக் கிண்ணம். வெளி ஓரத்தில் ரப்பர் முழுதாகத் தேய்ந்து நுரையே எட்டிப் பார்த்தது. குதிகாலுக்கு நேர் கீழே நுரையில் கோடு கோடாகச் சுருக்கம், வயதானவர் கழுத்தைப் போல. கட்டை விரலால் அழுத்தினால் புதிய சப்பாத்தின் நுரை எதிர்த்துத் தள்ளும். இது அமுங்கி அப்படியே கிடந்தது.

அந்தக் கறுப்பு ரப்பரில் நமக்கு ஒரு பாத்தியதை உண்டு. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. மறு ஆண்டு அந்தக் கன்றுகளில் 22 சிங்கப்பூருக்கு வந்தன. பிறகு இங்கே பால்மரக் காடு எழுந்ததும், தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் பாட்டன் பாட்டிகள் விடியுமுன் பால் வெட்டப் போனதும், 1901இல் திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகம் வழியாக ரப்பர் கப்பலேறியதும் கிள்ளான்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1972இல் அந்தத் துறைமுகத்துக்குக் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது. இன்றைய அவுட்சோலில் செயற்கை ரப்பரும் கலந்திருக்கும். கறுப்பு நிறம் அதில் சேர்க்கும் கரித்தூளால் வருவது, தேய்மானத்தைக் குறைப்பதும் அதுதான்.

அடியில் இருக்கும் பள்ளம் மேடுகளுக்கு ஒரு சமையலறைக் கதை இருக்கிறது. பசார் மாலத்தில் கடலை வெண்ணெய் தடவி மடித்துத் தருவார்களே, அந்த வாஃபிள் சுடும் இரும்புதான். 1971இல் ஓரிகன் பல்கலைக்கழக ஓட்டப் பயிற்சியாளர் பில் போவர்மன், மனைவியின் வாஃபிள் இரும்பில் யூரித்தேனை ஊற்றி இரும்பைப் பாழாக்கினார். கட்டம் கட்டமாய்த் தரையைப் பிடிக்கும் அடிப்பாகம் அங்கிருந்து வந்தது. அவர் நைக்கி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். மனைவி என்ன சொன்னாரோ!

இனி நுரை. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்கும். பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு காலுக்கு ஐயாயிரம் அடிகளுக்கு மேல். நான் அறுத்த சப்பாத்து ஏறக்குறைய நான்கு லட்சம் முறை அந்தச் சுமையைத் தாங்கியிருக்கிறது. 1970களின் நடுவிலிருந்து ஓட்டச் சப்பாத்துகளில் ஈவிஏ என்ற பிளாஸ்டிக் நுரை புகுந்தது. கண்ணுக்குத் தெரியாத ஆயிரமாயிரம் காற்றுக் குமிழிகள், ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவர். மிதித்தால் நசுங்கி, விட்டால் எழும்பும். மிதித்துக்கொண்டே இருந்தால் சுவர் மடிந்து போகும். ஐந்நூறிலிருந்து எண்ணூறு கிலோமீட்டருக்குள் மாற்றுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

நுரை வாங்கிய சக்தியை எவ்வளவு திருப்பித் தருகிறது என்பதுதான் இப்போதைய போட்டி. கொலராடோவில் வவுட்டர் ஹூக்கமர் குழு அளந்து பார்த்து 2018இல் வெளியிட்ட ஆய்வில் பழைய வகை நுரை மூன்றில் இரண்டு பங்கைத் தந்தது. பீபா என்ற புதிய நுரையும் அதற்குள் வளைந்த கார்பன் தகடும் வைத்த நைக்கி சப்பாத்து 87 விழுக்காட்டைத் தந்தது. அதைப் போட்டவர்கள் அதே வேகத்துக்குச் சராசரியாக நான்கு விழுக்காடு குறைவாகச் சக்தி செலவழித்தார்கள். 2019 அக்டோபர் 12ஆம் நாள் வியன்னாவில் எலியுட் கிப்சோகே 42 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் முடித்ததும் இந்த வகைச் சப்பாத்தோடுதான். 2020இல் உலகத் தடகளச் சங்கம் கோடு போட்டது: சாலை ஓட்டத்துக்கு அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது, உள்ளே ஒரு தகடுதான்.

"அண்ணே, நானும் கார்பன் போட்டுக்கலாமா?" என்று ரொட்டிக் கடையில் ஒரு தம்பி கேட்டான். முதல் பத்துக் கிலோமீட்டர் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தான். ஆயிரம் வெள்ளியைத் தாண்டும் சப்பாத்து. ஆய்வில் ஓடியவர்கள் வேகக்காரர்கள். கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் ஓடும் நமக்கு அந்த நான்கு விழுக்காடு அப்படியே கிடைக்காது என்றேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் நம் மணி ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்த மலேசியச் சாதனை 2017வரை, 49 ஆண்டு நின்றது. அவர் காலில் பீபாவும் இல்லை, கார்பனும் இல்லை. விரைவோட்டமும் நீண்ட ஓட்டமும் வேறு வேறுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அவனிடம் இந்தக் கதையைச் சொன்னேன்.

நம் ஊரில் சப்பாத்துக்கு வேறு ஒரு சத்துரு இருக்கிறது. ஈரம். காலை ஆறரைக்கே காற்று பிழிந்தால் தண்ணீர் வரும்போல் இருக்கும். போட்டிக்கென்று ஆறு ஏழு ஆண்டுகள் பெட்டியில் பத்திரப்படுத்திய சப்பாத்தை ஒருவர் போட்டு வந்தார். துறைமுகச் சாலையில் கொள்கலன் லாரிகள் போகும் இடத்தைத் தாண்டுவதற்குள் அடிப்பாகம் பழைய ரொட்டிபோல் உதிர்ந்து சாலையில் துண்டு துண்டாய்க் கிடந்தது. பாலியூரித்தேன் வகை நுரை காற்றிலுள்ள ஈரத்தால் மூலக்கூறு மூலக்கூறாக அறுந்து போகும். அதிகம் ஓடாமல் வைத்திருந்தாலும் அறும். காசு கொடுத்து வாங்கி அலமாரியில் வைத்து வேடிக்கை பார்க்கும் பழக்கத்துக்கு நம் சீதோஷ்ணம் தரும் பதில் அது. காரின் பின்பெட்டியில் வெயிலில் கிடந்தால் ஈவிஏவும் சுருங்கும். மழையில் நனைந்தால் மெத்தையைக் கழற்றி, உள்ளே நாளிதழைத் திணித்து, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். அடுத்த நாளுக்குள் முழுதாகக் காயாது. ஆகவே இரண்டு ஜோடி வேண்டும் என்பது இங்கே ஆடம்பரம் இல்லை. லக்சம்பர்க்கில் 264 பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களை 22 வாரம் கவனித்த ஓர் ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட சப்பாத்தை மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 39 விழுக்காடு குறைவாக இருந்தது.

காயம் என்றதும் கடைக்காரர் பாதத்தை ஈரமாக்கித் தரையில் அச்சு பார்த்து, "உங்க கால் தட்டை, இந்த வகை போடுங்க" என்பார். அமெரிக்க ராணுவமும் விமானப் படையும் கடற்படைத் துருப்பும் புதுச் சேர்க்கைகளுக்கு இதைத் தனித்தனியே செய்து பார்த்தன. பாத வளைவுக்கு ஏற்பச் சப்பாத்து கொடுத்தவர்களுக்கும், வளைவைப் பார்க்காமல் ஒரே வகையைக் கொடுத்தவர்களுக்கும் காயக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. கடையில் போட்டு நடந்து பார்த்து, எது உறுத்தவில்லையோ அதை எடுங்கள் என்றே நான் சொல்வேன்.

சப்பாத்து எதுவானாலும், காலுக்கு ஏற்கெனவே சொந்தமாக ஸ்பிரிங் இருக்கிறது. கெண்டைக்காலிலிருந்து குதிகாலுக்கு இறங்கும் அக்கிலிஸ் தசைநாண். 1987இல் மெக்நீல் அலெக்சாண்டரின் குழு கணக்கிட்டபடி, ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் கைமாறும் சக்தியில் சுமார் 35 விழுக்காட்டை இது சேமித்துத் தருகிறது. பாத வளைவு 17 விழுக்காடு. அதாவது பாதிக்குமேல் நம்முடையது. அது புண்ணானால் எந்த நுரையும் ஈடு செய்யாது. என்னுடையது புண்ணாகி மூன்று மாதம் வீட்டில் முடங்கியபோதுதான் ஆல்ஃபிரெட்சனைப் பற்றிப் படித்தேன்.

ஹோகன் ஆல்ஃபிரெட்சன், சுவீடன் எலும்பு மருத்துவர், அவரும் ஓட்டக்காரர். தன் குதிகால் தசைநாண் வலித்தபோது அறுவை சிகிச்சை கேட்டார். மேலதிகாரி மறுத்தார். அறுந்தாலாவது அறுவைக்கு வழி பிறக்கும் என்று, வலிக்க வலிக்கப் படியில் குதிகாலை இறக்கிப் பயிற்சி செய்தார். அறவில்லை, குணமாயிற்று. 1998இல் 15 பொழுதுபோக்கு விளையாட்டுக்காரர்களிடம் இதையே 12 வாரம் செய்து பார்த்து வெளியிட்டார். 15 பேரும் பழையபடி ஓடினார்கள். இன்று உலகெங்கும் உடலியக்க மருத்துவர்கள் தரும் பயிற்சிகளில் ஒன்று அது. புது வலி, வீக்கம், திடீரென்று "டப்" என்று சத்தம் கேட்டது என்றால் பயிற்சியை விட்டுவிட்டு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

என் வீட்டுப் படிக்கட்டின் மூன்றாவது படியில் நிற்பேன். இரு கால்களின் விரல்களாலும் மேலே எழும்பி, புண்ணான காலை மட்டும் வைத்துக்கொண்டு, குதிகாலை மெல்ல மெல்லப் படிக்குக் கீழே இறக்குவேன். பதினைந்து முறை, மூன்று சுற்று. முழங்காலை நீட்டி ஒரு தரம், மடக்கி ஒரு தரம். காலையும் மாலையுமாக ஒரு நாளைக்கு 180. அறுத்த சப்பாத்தின் பாதி அந்தப் படிக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. குதிகாலுக்கு நேராக இருக்கும் அந்தச் சுருக்கத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணுவேன். பயிற்சியின் ஒன்பதாவது வாரத்தில் வளாகத்தைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் ஓடினேன், மெதுவாக. ரொட்டிக் கடைக்கு முதல் ஆளாய்ப் போய்ச் சேர்ந்தது நான்தான், மற்றவர்கள் பத்துக் கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தார்கள்.